அம்மாவின் கணக்கு நோட்டும் மறதிநோயின் காரணங்களும்

அம்மாவுக்கு வந்திருப்பது மறதிநோய் என்று மருத்துவர் உறுதிசெய்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. எதனால் வந்தது என்பதுதான் வழக்கு. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததுதான் காரணம் என்பது அக்காவின் கட்சி. அதற்குப் பிறகுதான் பேச்சில் தடுமாற்றம் தொடங்கியது என்று நாள், கிழமையோடு சொல்லுவார். அப்பா இறந்த பிறகு அவரைத் தனியாக விட்டதுதான் காரணம் என்பான் தம்பி. சித்தி ஒருபடி மேலே போய், பாட்டிக்கும் கடைசிக் காலத்தில் புத்தி தடுமாறியது, இது ரத்தத்திலேயே இருக்கிறது என்று தீர்ப்பே எழுதிவிட்டார். நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எனக்கு அப்போது இதைப் பற்றி எதுவுமே தெரியாது.

தொழிலால் நான் கணக்குத் தணிக்கையாளன். அம்மாவை என் வீட்டுக்கு அழைத்துவந்தபோது அவருடைய அலமாரியிலிருந்து பத்து ஆண்டுகளின் வீட்டுக்கணக்கு நோட்டுகளும் கூடவே வந்தன. ஓர் இரவு தூக்கம் வராமல் அவற்றைப் புரட்டியபோது, பழக்கதோஷத்தால் கண் நேராகப் பக்கத்தின் அடிக்கூட்டலுக்குப் போனது. ஒவ்வொரு பக்கத்தின் மொத்தத்தையும் அடுத்த பக்கத்தின் தலையில் "முன்பக்கம்" என்று எழுதி எடுத்துச்செல்வது அம்மாவின் வழக்கம். பல ஆண்டுகளாக அதில் ஓர் எண்கூடப் பிசகவில்லை. பிறகு ஓரிடத்தில் 4,637 என்ற மொத்தம் அடுத்த பக்கத்தில் 4,367 ஆகியிருந்தது. அது யாருக்கும் நேரக்கூடியது. ஆனால் சில மாதங்கள் கழித்து ஒரே மின்கட்டணம் அடுத்தடுத்த இரண்டு நாள்களில் இருமுறை எழுதப்பட்டிருந்தது. இன்னும் சில மாதங்களில் மொத்தங்கள் பேனாவிலிருந்து பென்சிலுக்கு மாறி, அழித்து அழித்து எழுதியதில் தாள் மெலிந்துபோயிருந்தது. அதற்கடுத்த ஆண்டில் செலவுகள் மட்டும் வரிசையாக இருந்தன, மொத்தம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. முதல் பிசகின் தேதிக்கும் அம்மா குளியலறையில் விழுந்த தேதிக்கும் இடையே 4 ஆண்டுகள்.

அந்த இரவில் அக்காவின் வழக்கு தோற்றுப்போனது என்று சொல்லமாட்டேன். கேள்வி தலைகீழாகத் திரும்பியது. விழுந்ததால் நோய் வந்ததா, நோய் வந்துகொண்டிருந்ததால் விழுந்தாரா? அதற்கு விடை தேடிப் பல மாதங்கள் படித்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன் என்பதை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, மறதிநோய் என்பது ஒரு நோயின் பெயரன்று என்பது. காய்ச்சல் என்றால் அதற்குப் பின்னால் மலேரியாவும் இருக்கலாம், டைபாய்டும் இருக்கலாம். அதுபோல, நினைவாற்றல், மொழி, திட்டமிடல், இடம் காலம் பற்றிய உணர்வு ஆகியவை அன்றாட வாழ்க்கையைத் தனியாக நடத்த முடியாத அளவுக்குச் சிதையும் நிலைக்குப் பொதுவாக வைத்த பெயரே டிமென்ஷியா எனப்படும் மறதிநோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகில் சுமார் 5.7 கோடிப் பேர் இந்நிலையில் இருந்தார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். இவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்குப் பின்னால் இருப்பது அல்சைமர் நோய்.

அந்தப் பெயர் வந்த கதை 1901-இல் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனை ஒன்றில் தொடங்குகிறது. அங்கே சேர்க்கப்பட்ட ஆகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் கவனித்துவந்தார். 1906-இல் அந்தப் பெண் இறந்த பிறகு அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அல்சைமர், நரம்புச் செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவங்களையும் செல்களுக்குள்ளே நூல்கண்டு சிக்கியதுபோன்ற முடிச்சுகளையும் கண்டார். படிவங்கள் பீட்டா அமைலாய்டு என்ற புரதத்தால் ஆனவை என்பதும், முடிச்சுகள் டௌ என்ற புரதத்தால் ஆனவை என்பதும் பல பத்தாண்டுகளுக்குப் பிறகே தெரியவந்தன. இன்று முதுமையின் நோயாகவே பார்க்கப்படும் ஒன்று முதன்முதலில் 51 வயதுக்காரர் ஒருவரிடம் விவரிக்கப்பட்டது என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அல்சைமருக்கு அடுத்த இடம் ரத்தக்குழாய்களால் வரும் மறதிநோய்க்கு. பெரிய பக்கவாதம் ஒன்றுக்குப் பிறகு இது வரலாம். வெளியே யாருக்கும் தெரியாத மிகச்சிறிய அடைப்புகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தும் வரலாம். நரம்புச் செல்களுக்குள் லூயி உருண்டைகள் எனப்படும் புரதக் கட்டிகள் சேர்ந்து, இல்லாத மனிதர்களும் விலங்குகளும் கண்ணுக்குத் தெரியும் வகை இன்னொன்று. மூளையின் முன்பகுதியையும் பக்கப்பகுதியையும் தாக்கி, மறதிக்கு முன்பே குணத்தையும் பேச்சையும் மாற்றிவிடும் வகையும் உண்டு; அது பெரும்பாலும் 45 வயதிலிருந்து 65 வயதுக்குள் வருவதால் நோய் என்று எவருக்கும் தோன்றாமல், குடும்பச் சண்டையாகவும் வேலையிடப் பிரச்சினையாகவும் பல காலம் ஓடிவிடுகிறது. மிக முதிய வயதில் இறந்தவர்களின் மூளையைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்தால் இவற்றில் இரண்டு, மூன்று ஒன்றாகவே கலந்திருப்பது சாதாரணம். எனவே "எது காரணம்" என்று ஒருமையில் கேட்கும் கேள்விக்கு மூளையே பல நேரங்களில் பன்மையில்தான் பதில் சொல்கிறது.

அம்மாவின் நோட்டை எனக்கு விளக்கியது வேறொரு செய்தி. அல்சைமர் நோயில் அமைலாய்டு சேரத் தொடங்கி அறிகுறி வெளியே தெரிவதற்கு 15 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகின்றன. அறிகுறி தெரிந்த பிறகும் குடும்பம் அதை ஒப்புக்கொண்டு மருத்துவரிடம் போக மேலும் சில ஆண்டுகள். அப்படியானால், நோய் உறுதிசெய்யப்படுவதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளில் நடந்த எந்த நிகழ்ச்சியையும் காரணமாகக் காட்டிவிட முடியும். அந்த வயதில் விழுவது, அறுவை சிகிச்சை, வீடு மாறுவது, துணையை இழப்பது என ஏதாவது ஒன்று நடக்காத குடும்பம் ஏது? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பனம்பழம் மரத்திலேயே பல ஆண்டுகளாகப் பழுத்துக்கொண்டிருந்தது. காக்கையை மட்டும் நாம் பார்த்தோம். அதற்காகக் காக்கைக்கு எந்தப் பங்கும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மருத்துவமனையில் சில நாள்கள் படுத்திருக்கும்போது வரும் திடீர்க் குழப்பநிலை, ஏற்கெனவே நலிந்திருக்கும் மூளையை வேகமாகக் கீழே இறக்கிவிடுவதுண்டு. ஒளிந்திருந்த நோய் அப்படி வெளியே வருவதால்தான் அதுவே காரணம் என்று தோன்றுகிறது.

தலையில் அடிபடுவது உண்மையான ஆபத்துக் காரணிதான். குத்துச்சண்டை வீரர்கள் நடையிலும் பேச்சிலும் தடுமாறிப்போவதை ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928-லேயே விவரித்திருக்கிறார். ஆனால் அந்த ஆபத்து பலத்த அடியோடும், திரும்பத் திரும்பப் படும் அடிகளோடும், அதற்குப் பிந்தைய நீண்ட காலத்தோடும் தொடர்புடையது. முதியவர் விழுந்த சில வாரங்களில் தடுமாற்றம் தெரிந்தால் மருத்துவர்கள் தேடுவது வேறொன்றை: மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே மெல்லக் கசிந்து தேங்கும் ரத்தத்தை. அதை வெளியேற்றிவிட்டால் பலர் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். அம்மாவுக்கு எடுத்த ஸ்கேனில் அது இல்லை. நினைவைப் பதியவைக்கும் பகுதி சுருங்கியிருந்தது, அதோடு சிறு ரத்தக்குழாய்கள் பாதிக்கப்பட்ட வெண்திட்டுகளும் இருந்தன.

இங்கே ஒரு மனக்குறையையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். நாங்கள் முதலில் போய்ப் பார்த்த மருத்துவர், அம்மாவிடம் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டுவிட்டு, வயதானால் இப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ரத்தப் பரிசோதனைகூட எழுதித் தரவில்லை. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மூளையின் அறைகளில் நீர் தேங்குதல், மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகிய எல்லாமே மறதிநோய்போல வேடமிட்டு வரக்கூடியவை. இவற்றில் பல சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை. ஒவ்வாமைக்கும் தூக்கத்துக்கும் அடக்கமுடியாத சிறுநீருக்கும் தரப்படும் மாத்திரைகளில் சில, நினைவுக்கு அவசியமான அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பவை. முதியவருக்கு அவை தலையைக் கிறுகிறுக்க வைத்துவிடும். ஒரே நாளில், ஒரே வாரத்தில் குழப்பம் வந்தால் சிறுநீர்த்தொற்று முதல் உப்புச்சத்துக் குறைவு வரை எதுவும் இருக்கலாம். இரண்டாவதாகப் போன மருத்துவர் இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே மறதிநோய் என்றார். வயதானால் வருவதுதானே என்ற வாக்கியத்தின் மீது எனக்கு அன்றிலிருந்து தீராத கோபம் உண்டு.

ஆனாலும் வயதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்துக் காரணி என்பதை மறுக்க முடியாது. 65 வயதுக்குப் பிறகு ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ப்பு இரட்டிக்கிறது. வயது நோயாகாது, 90 வயதிலும் தெளிவாக இருப்பவர்கள் ஏராளம். சேதம் சேர்வதற்கும் அதைத் துப்புரவாக்கும் ஏற்பாடுகள் தளர்வதற்கும் வயது நேரம் கொடுக்கிறது.

சித்தியின் ரத்த வாதத்துக்கு வருகிறேன். அதில் பாதி உண்மை உண்டு, ஆனால் அவர் நினைக்கும் பாதி அன்று. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே நோயை ஏறத்தாழ உறுதியாக்கிவிடும் மரபணு மாற்றங்கள் மூன்று மரபணுக்களில் அறியப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று 21-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்தக் குரோமோசோம் மூன்று படிகளாக (நகல்களாக) அமைந்துவிட்ட டவுன் குறைபாடு உள்ளவர்களுக்கு இளம் வயதிலேயே அல்சைமர் வருவது இதனால்தான். கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியில் இத்தகைய மாற்றம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கும் பெருங்குடும்பங்கள் உள்ளன. பிரான்சிஸ்கோ லொப்பேரா என்ற நரம்பியல் மருத்துவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அவர்களோடு செலவிட்டார். அங்கே நினைவுக் குறைபாடு 44 வயதளவில் தொடங்குகிறது. அதே மாற்றத்தைச் சுமந்தும் எழுபது வயதுவரை ஒரு குறையும் இன்றி இருந்த பெண் ஒருவரைப் பற்றி 2019-இல் கட்டுரை வெளியானது. அவர் மூளையில் அமைலாய்டு மலைபோல் குவிந்திருந்தது. டௌ முடிச்சுகள் மட்டும் குறைவாகவே இருந்தன. வேறொரு மரபணுவில் இருந்த அரிய மாற்றம் அவரைக் காத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. விதி என்று சொல்லத்தக்க மரபணுவே இப்படி இன்னொன்றுக்கு வழிவிட்டிருக்கிறது.

இந்த வகைக் குடும்பங்கள் மிகமிகக் குறைவு. மற்றவர்களிடம் பேசப்படுவது ஏபிஓஇ என்ற மரபணுவின் 4-ஆம் வடிவம். மூளையில் கொழுப்பை எடுத்துச்செல்லும் புரதத்தை உருவாக்கும் மரபணு அது. 4-ஆம் வடிவம் ஒரு படி இருந்தால் அல்சைமர் வாய்ப்பு சுமார் 3 மடங்கு, இரண்டு படிகள் இருந்தால் 8 முதல் 12 மடங்கு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இந்த மடங்குகள் எல்லா மக்களினத்திலும் ஒன்றுபோல் இல்லை. அதைச் சுமந்தும் நோய் வராதவர்கள் உண்டு, சுமக்காமலே வந்தவர்கள் இன்னும் நிறைய உண்டு. பாட்டிக்கு எண்பதைத் தாண்டியபின் வந்தது, அம்மாவுக்கு எழுபத்தெட்டில் உறுதியானது. இதை வைத்துக்கொண்டு "நம் ரத்தத்தில் இருக்கிறது" என்று பேரப்பிள்ளைகள் முன்னால் சொல்லிக்கொண்டிருப்பது தகாது என்று சித்தியிடம் சொன்னேன். அவர் இன்னும் ஏற்கவில்லை.

மரபணுவைவிட எங்கள் வீட்டுக்கு நெருக்கமான காரணி ரத்தக் கொதிப்பு. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே இருக்கும் மூளை உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. அதனால் அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் நலத்தையே அது நம்பியிருக்கிறது. பல ஆண்டுகள் அழுத்தம் உயர்ந்தே இருந்தால் மூளையின் ஆழத்திலுள்ள மயிரிழைக் குழாய்கள் தடித்து, அவை ஊட்டும் வெண்பகுதி பசியில் வாடுகிறது. பிரிட்டனில் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்துவரும் வைட்ஹால் ஆய்வின் ஒரு முடிவு 2018-இல் வந்தது: 50 வயதில் மேல் அழுத்தம் 130 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வாய்ப்பு 38 விழுக்காடு கூடுதலாக இருந்தது, ஆனால் 60, 70 வயதில் எடுத்த அழுத்தத்துக்கு அத்தகைய தொடர்பு தெரியவில்லை. முதுமையில் வரும் நோய்க்கான கணக்கு நடுவயதில் எழுதப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்ணை நான் பார்த்ததில்லை. 2019-இல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில் 9,300-க்கு மேற்பட்டவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவின் மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். மறதிநோய்க்கு முந்தைய நிலையான மிதமான அறிவுக்குறைவு அவர்களிடையே 19 விழுக்காடு குறைந்தது. மறதிநோயும் குறைந்ததுபோல் தெரிந்தாலும், தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அந்த எண் வலுவாக இல்லை. சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, புகைபிடித்தல், நடுவயது உடற்பருமன், உடலுழைப்பின்மை ஆகியவையும் பெருமளவு இதே குழாய்களின் வழியாகவே மூளையை அடைகின்றன.

காது கேளாமை இந்த வரிசையில் இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியதுமே காது மந்தம். கருவி வாங்கிக் கொடுத்தோம். இரைச்சல்தான் கேட்கிறது என்று நான்கு நாளில் கழற்றி, பஞ்சு வைத்த அதன் பெட்டியிலேயே வைத்துவிட்டார். அலமாரியைக் காலிசெய்தபோது பெட்டி கிடைத்தது. கருவிக்குள் இருந்த பொத்தான் பேட்டரி பச்சை பூத்திருந்தது. காது கேளாதவர் ஒவ்வொரு சொல்லையும் ஊகித்துப் புரிந்துகொள்வதிலேயே மூளையின் சக்தியைச் செலவழிப்பதால் நினைவில் பதிய மிச்சம் இருப்பதில்லை என்பது ஒரு விளக்கம்; ஒலி குறையும்போது மூளையின் சில பகுதிகள் வேலையின்றித் தளர்கின்றன என்பது இன்னொன்று; பேச்சுப் புரியாததால் கூட்டத்திலிருந்து மெல்ல ஒதுங்கிவிடுகிறார்கள் என்பது மூன்றாவது. மூன்றாவதை நானே கண்ணால் பார்த்தேன். தொலைபேசியில் யார் பேசினாலும் "சரி சரி, நல்லது" என்று ரிசீவரை வைத்துவிடுவார். சுருக்கமாகப் பேசும் குணம் என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

கருவி மாட்டியிருந்தால் நோய் வந்திராதா? 2023-இல் முடிவு வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில் 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேருக்கு, ஒரு பாதியினருக்குக் காதுக்கருவியும் பயிற்சியும், மறுபாதியினருக்கு உடல்நலக் கல்வியும் கொடுத்து மூன்றாண்டுகள் பார்த்தார்கள். மொத்தத்தில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் இதயநோய் போன்ற ஆபத்துகள் ஏற்கெனவே அதிகம் இருந்த பிரிவினரை மட்டும் தனியே பார்த்தபோது, அறிவுத்திறன் சரியும் வேகம் கருவி மாட்டியவர்களிடம் 48 விழுக்காடு குறைந்திருந்தது. செய்தித்தாள்கள் 48-ஐ மட்டும் தலைப்பாக்கின. இருப்புநிலைக் குறிப்பில் லாபம் வந்த கிளையை மட்டும் காட்டும் நிறுவனத்தை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படித்தான் அந்தத் தலைப்புகளைப் பார்த்தேன். ஆயினும் கருவி மாட்டினால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. பேரக்குழந்தை என்ன கேட்கிறது என்பதாவது காதில் விழும்.

கல்வி பற்றிய சான்று இன்னும் விசித்திரமானது. டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் 1986-இல் தொடங்கிய ஆய்வில், அமெரிக்காவின் கத்தோலிக்கக் கன்னியர் சபை ஒன்றைச் சேர்ந்த 678 பேர் ஆண்டுதோறும் சோதனைக்கும் இறந்தபின் மூளை ஆய்வுக்கும் சம்மதித்தார்கள். அவர்களில் சிலரின் மூளையில் அல்சைமர் அடையாளங்கள் நிறைய இருந்தும் வாழ்நாளில் அறிவுத்தெளிவு குறையவில்லை. கல்வியும் மனத்துக்கு வேலை தரும் தொழிலும் மூளைக்கு ஒருவகைக் கையிருப்பைச் சேர்த்துவைக்கின்றன என்ற கருத்துக்கு இது வலுவூட்டியது. சபையில் சேரும்போது, ஏறத்தாழ 22 வயதில், அவர்கள் எழுதிய தன்வரலாறுகள் காப்பகத்தில் கிடைத்தன. செறிவின்றி எளிய வாக்கியங்களில் எழுதியவர்களுக்குப் பிற்காலத்தில் அறிவுக்குறைவு அதிகம் காணப்பட்டது. இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம்: செறிவாக எழுதியவர்களுக்குக் கையிருப்பு அதிகம் என்றும் சொல்லலாம், நோயின் மெல்லிய நிழல் அந்த வயதிலேயே எழுத்தில் விழுந்திருந்தது என்றும் சொல்லலாம். அம்மாவின் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படித்தபோது எனக்குள் ஏதோ செய்தது.

இனி, பலரும் எடுத்துச்சொல்லும் 45 விழுக்காடு என்ற எண். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, மாற்றக்கூடிய ஆபத்துக் காரணிகள் என்று 2017-இல் 9-ஐயும் 2020-இல் 12-ஐயும் 2024-இல் 14-ஐயும் பட்டியலிட்டது. கடைசியாகச் சேர்ந்தவை நடுவயதில் உயர்ந்த கெட்ட கொழுப்பும், சரிசெய்யப்படாத பார்வைக் குறைபாடும். பதினான்கையும் முற்றாக நீக்க முடிந்தால் உலகின் மறதிநோய்களில் சுமார் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்களின் மதிப்பீடு. காது கேளாமையும் கெட்ட கொழுப்பும் ஆளுக்கு 7, இளமையில் குறைந்த கல்வியும் முதுமையில் தனிமையும் ஆளுக்கு 5, ரத்தக் கொதிப்பு 2 என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். இந்த எண்ணை வைத்துக்கொண்டு, ஒழுங்காக இருந்தால் உனக்கு 45 விழுக்காடு ஆபத்து குறையும் என்று சொல்லிவருகிறார்கள். அது தவறு. இது ஒரு மக்கள்தொகை முழுவதற்குமான கணக்கு; ஒரு காரணி எவ்வளவு பரவலாக இருக்கிறது, அது ஆபத்தை எவ்வளவு உயர்த்துகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் போட்டது. புகைபிடிக்காத, காது நன்றாகக் கேட்கும் ஒருவருக்கு அந்த இரண்டின் பங்கிலிருந்து கிடைக்கும் லாபம் பூஜ்யம். அதோடு, ஒவ்வொன்றும் நோயை உண்டாக்குகிறது என்ற அனுமானத்தின் மேல்தான் மொத்தமும் நிற்கிறது. இந்தக் காரணிகள் எதுவுமே இல்லாமல் வாழ்ந்தும் நோய் வந்தவரிடம் போய் இந்த எண்ணைச் சொல்வது, அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகும்.

அந்த அனுமானம் எங்கே ஆட்டம் காண்கிறது என்பதற்கு மனச்சோர்வு நல்ல எடுத்துக்காட்டு. மனச்சோர்வு பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதே வைட்ஹால் ஆய்வில் 28 ஆண்டுத் தரவைப் பின்னோக்கிப் பார்த்தபோது, மறதிநோய் வந்தவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் நோய் உறுதியாவதற்குச் சுமார் 11 ஆண்டுகள் முன்பிருந்துதான் மற்றவர்களைவிடக் கூடத் தொடங்கின. நடுவயதில் மட்டும் மனச்சோர்வு இருந்தவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. அப்படியானால் முதுமையில் முதன்முறையாக வரும் சோர்வு பல நேரங்களில் நோயின் முதல் முகமாகவே இருக்கலாம். எடையும் அப்படியே: நடுவயதுப் பருமன் ஆபத்து, முதுமையில் காரணமின்றி மெலிவது பெரும்பாலும் அறிகுறி. தூக்கமும் அப்படியே, 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு வாய்ப்பு 30 விழுக்காடு அதிகம் என்று 2021-இல் வந்த முடிவு, நடுவயதிலிருந்தே அளந்ததால் சற்று நம்பகமானது. தம்பியின் தனிமை வாதத்தையும் இந்தத் தராசில்தான் வைத்துப் பார்த்தேன். தனிமை ஆபத்துக் காரணிதான். ஆனால் அப்பா இறப்பதற்கு ஓராண்டு முன்பே நோட்டில் மொத்தங்கள் பென்சிலுக்கு மாறியிருந்தன. அம்மா ஒதுங்கத் தொடங்கியது அதற்கும் முன்னால். இதை அவனிடம் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான்.

மீதமுள்ளவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அளவுமீறிய மது மூளையை நேரடியாகவும், வைட்டமின் பி1-ஐக் குறைப்பதன் வழியாகவும் கெடுக்கிறது. மாசடைந்த காற்றின் நுண்துகள்கள் பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. அதைத் தனிமனிதர் ஒருவர் தாமாகத் திருத்திவிட முடியாது. அலுமினியப் பாத்திரம் பற்றிய பயம், 1960-களில் முயல்களின் மூளையில் அலுமினியத்தைச் செலுத்திப் பார்த்த சோதனைகளின் எச்சம். பாத்திரத்துக்கும் நோய்க்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை, இருந்தும் சுற்றுக்கு விடப்படும் செய்திகளில் அது சாகாவரம் பெற்றிருக்கிறது. என்னை மிகவும் கவர்ந்தது வேல்சிலிருந்து வந்த ஒரு முடிவு. அங்கே அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்குத் தகுதி உண்டு, அதற்கு முந்தைய நாள் பிறந்தவர்களுக்கு இல்லை என்று கோடு கிழித்தார்கள். ஒருவார இடைவெளியில் பிறந்த இரண்டு கூட்டங்களுக்கு வேறெந்த வேறுபாடும் இருக்க நியாயமில்லை. ஏழாண்டுகளில் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் மறதிநோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது என்று 2025-இல் வெளியிட்டார்கள். அக்கியை உண்டாக்குவதுபோல நரம்புகளில் உறங்கும் கிருமிகளுக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு பற்றிப் பழைய சந்தேகம் இதனால் மீண்டும் மேசைக்கு வந்திருக்கிறது.

சென்ற மாதம் அக்கா மறுபடியும் கேட்டார்: "அன்னைக்கு விழாம இருந்திருந்தா அம்மா இப்போ நல்லா இருந்திருப்பாங்க, இல்லையாடா?" நோட்டுகளை மேசைமேல் வைத்து, 4,637 என்ற பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று குளியலறைத் தரையை ஈரமாக விட்டவர் அக்கா என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு அவருடைய கேள்வி தன்னைப் பற்றியதாக மாறியது. மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா என்றார். முடிவு எதுவாக இருந்தாலும் நாளை செய்யப்போவது ஒன்றாகத்தானே இருக்கும், அதனால் நான் செய்துகொள்ளப்போவதில்லை என்றேன். சரி, ரத்தக் கொதிப்பு எவ்வளவு இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, தலைவலி எதுவும் இல்லாததால் மாத்திரையை எட்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அவருக்கு வயது 54. மறுநாள் காலை மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அங்கே 162 காட்டியது.